இடப்பக்கம் இழுத்த வண்டி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். 2007-ஆம் வருஷம் கார்த்திகை மாசத்தில் எனக்கே நடந்தது. அன்றைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு என்னோடு தேட வந்த கருவேப்பிலங்குறிச்சி ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள். ஆனால் நான் மட்டும் பார்த்தது, நான் மட்டும் கேட்டது கொஞ்சம் இருக்கிறது. அதை என் மனைவி கனகாவைத் தவிர யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

என் பெயர் மணிபாரதி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் புல்லட் பட்டறை வைத்திருக்கிறேன். லேத், வெல்டிங் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதனால் மற்றவர்கள் தொடாத வேலையெல்லாம் என்னிடம் வரும்.

அப்படித்தான் ராஜ்மோகன் வந்தார். செராமிக் கம்பெனிகளுக்குக் களிமண் சப்ளை செய்கிறவர். லாரிகள் ஓடின. ஊருக்கு வெளியே அவர் மண் வெட்டி எடுத்த பள்ளங்கள் மழைக்காலத்தில் ஏரி மாதிரி நிற்கும். தூரப் பயணத்துக்கென்றே ஒரு புது புல்லட் வாங்கியிருந்தார். மனைவியையும் மகளையும் உட்காரவைத்து தனுஷ்கோடி வரைக்கும் போக வேண்டும், சைடுகார் மாட்டிக் கொடு என்றார்.

சைடுகாரை நாலு போல்ட்டில் முடுக்கிவிட்டால் மட்டும் வேலை முடியாது. இரண்டு சக்கரத்துக்கென்று செய்த வண்டி, மூன்றாவது சக்கரத்தைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சைடுகார் இருக்கிற இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் வலப்பக்கம் ஓடும். இதைச் சரிக்கட்ட முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கை மாற்ற வேண்டும். சிறிய பல்சக்கரம் போட வேண்டும். புல்லட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, சைடுகார் சக்கரத்தின் முகத்தை லேசாக உள்ளே திருப்பி வைக்க வேண்டும். எனக்கு ஆசையான வேலை. ஒத்துக்கொண்டேன்.

சைடுகார்தான் கிடைக்கவில்லை. கடைசியில் கருவேப்பிலங்குறிச்சியில் பழமலை என்று ஒரு விவசாயி வீட்டில் பழைய சைடுகார் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார் என்றும் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். இடுப்பு ஒரு பக்கம் ஒடுங்கி, கம்பு ஊன்றித்தான் நடந்தார். மாட்டுக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடியிருந்தது சைடுகார். நான் கேட்டதும், குடுக்கிறதா இல்ல என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போதுதான் யாருக்காக என்று கேட்டார். சொன்னேன்.

கம்பை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"மண்ணு லாரி ராஜ்மோகனுக்கா?"

ஆமாம் என்றேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. காசு வேணாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எத்தனை முறை கேட்டும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. டெம்போவில் ஏற்றும்போது சீட்டின் மேல் கையை வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னார். ஊருக்குப் போகிறவர்களிடம் பேசுவது மாதிரி இருந்தது.

பட்டறைக்கு வந்ததும் அதைக் கழற்றிப் போட்டு, தரைத் தகரம் மாற்றி, புது சீட்டு தைத்து, கறுப்பு பெயிண்ட் அடித்தேன். ராஜ்மோகன் வந்து பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்குது என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் முதல் தப்பு கண்ணில் பட்டது.

சைடுகாரின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். கிரீச்... என்று ஒரு சத்தம். காலி சைடுகாரின் ஸ்பிரிங் கீழே இறங்கியது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு. அவர் டீ குடிக்க வெளியே போனார். ஸ்பிரிங் மெதுவாக மேலே வந்தது. திரும்பி வந்தார். கிரீச்...

தரை மட்டம் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு நாள் காலையில் பட்டறையைத் திறந்தால், நான் மாற்றிய புதுத் தகரத்தின் மேல் வெள்ளைக் களிமண் தண்ணி தேங்கியிருந்தது. கூரை ஒழுகவில்லை. சீட்டு காய்ந்திருந்தது. துடைத்துவிட்டேன். மறுநாளும் இருந்தது.

ஃபோர்க் மாட்டி, எல்லாம் முடித்து, மணல் மூட்டை வைத்து நான் ஓட்டிப் பார்த்தேன். கையை விட்டாலும் நேராகப் போனது. இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலையிலேயே அதுதான் சுத்தமான வேலை. ஆனால் ராஜ்மோகன் எடுத்துக்கொண்டு போய்விட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். இடப்பக்கம் இழுக்குது மணி, என்றார். ஆக்ஸிலேட்டர் குடுக்கும்போதா என்று கேட்டேன்.

"எப்பவும் இழுக்குது. பிரேக் புடிச்சாலும் எடதுலதான் இழுக்குது."

அப்படி நடக்கவே நடக்காது. திரும்ப நான் ஓட்டினேன். நேராகப் போனது. அவர் ஓட்டினால் இழுத்தது.

சரி, மூட்டைக்குப் பதிலாக நானே சைடுகாரில் உட்கார்ந்து, அவர் ஓட்டும்போது சக்கரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன் என்றேன். அந்தச் சாயங்காலமே கிளம்பினோம். மழை விட்டிருந்தது. கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் போகும்போது இருட்டத் தொடங்கியது. கரண்ட் இல்லை. எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லை.

முதலில் ஒன்றுமில்லை. நான் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் சீட்டு குளிர்ந்தது. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்த மாதிரி.

அது ஒரு ஆள் உட்காருகிற சீட்டு. இரண்டு பேருக்கு இடமே கிடையாது. ஆனால் என் வலது தொடையை ஏதோ ஒன்று தள்ளியது... கூட்டமான பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார் இல்லையா, அந்த மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

சளக்... சளக்...

காலடியில் தண்ணி. கணுக்கால் வரை வந்துவிட்டது. காலைத் தூக்கிப் பார்த்தேன். செருப்பு காய்ந்திருந்தது. கீழே வைத்தேன். தண்ணி முழங்கால் வரைக்கும் ஏறியது.

"மொதலாளி, நிறுத்துங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை வலப்பக்கம் முறுக்கிப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வண்டி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் காதுக்குப் பக்கத்தில் அது கேட்டது. ஒரு பெண் குரல். பொறுமையான, மரியாதையான குரல்.

"அண்ணே... நீங்க எறங்கிக்கிங்க."

வண்டி நின்றது.

அவர் பிரேக் பிடிக்கவில்லை. நான் பார்த்தேன். கால் பிரேக்கில் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டப்... டப்... டப்...

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ரோட்டில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மணி... கைய எடுக்க முடியல."

அவர் விரல்கள் ஹேண்டில்பாரில் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தன. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சில்லென்று இருந்தது. விரல் ஒன்றுகூட அசையவில்லை.

"உட்டுட்டுப் போயிடாத மணி..."

இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிரீச்...

சைடுகாரின் ஸ்பிரிங் இறங்கியது. நான் இறங்கிவிட்டேன். அது காலியாக இருந்தது. ஆனாலும் இறங்கியது.

டக்.

கியர் விழுந்தது. அவர் கால் அசையவே இல்லை.

என் கையிலிருந்து அவர் கை பிடுங்கிக்கொண்டு போனது.

வண்டியின் பின்பக்கச் சிவப்பு லைட் நேராகப் போனது. கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் திரும்பியது.

அங்கே ரோடு இல்லை.

தண்ணியில் விழுந்த சத்தம் வருமென்று காத்திருந்தேன்... வரவில்லை.

ஒரு சத்தமும் வரவில்லை.

ஓடினேன். கருவேப்பிலங்குறிச்சியில் முதலில் தெரிந்த டீக்கடையில் போய் விழுந்தேன். மணி ஏழரை என்று கடைக்காரர் பிறகு போலீசில் சொன்னார். பத்துப் பதினைந்து பேர் டார்ச்சோடு வந்தார்கள். ஈர மண்ணில் மூன்று சக்கரத் தடம் ரோட்டோரம் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. அங்கே இருந்த எல்லாப் பள்ளத்திலும் லைட் அடித்துப் பார்த்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். ரோட்டை ஒட்டி இருந்த பெரிய பள்ளத்தை மட்டும் மூன்று தடவை சுற்றி வந்தோம். தண்ணி அசையாமல் கிடந்தது.

விடிந்ததும் அதே பள்ளத்தில்தான் கிடைத்தார்.

கரையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். வண்டி நிமிர்ந்தபடியே நின்றிருந்தது. தண்ணி அவர் நெஞ்சளவுதான். ராஜ்மோகன் புல்லட் சீட்டில் இல்லை. சைடுகாரில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டையும் சேர்த்துவைத்து, கையை முழங்கால் மேல் வைத்து, ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்.

போலீஸ் என்னை இரண்டு நாள் விசாரித்தது. வேலையில் குறையிருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். வண்டியை ஒரு ஆள் வந்து சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு நட்டுகூடத் தளரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பழமலையைப் பார்க்கப் போனேன். அவர் என்னை எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். நாற்காலி எடுத்துப் போட்டார். நான் கேட்காமலே சொன்னார்.

அவர் மனைவி பெயர் அமிர்தம். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனவர். அவரை ஊர் சுற்றிக் காட்டத்தான் பழமலை தன் பழைய மோட்டார் சைக்கிளில் அந்த சைடுகாரை மாட்டியிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், மாசி மகத்துக்கு விருத்தாசலம் போய்விட்டுத் திரும்பும்போது பின்னால் வந்த மண் லாரி இடித்தது. மோட்டார் சைக்கிளோடு பழமலை ரோட்டோரம் விழுந்தார். இடுப்பு உடைந்துபோனது. சைடுகார் மட்டும் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. அமிர்தத்துக்கு ஒரு காயமும் இல்லை. நெஞ்சளவு தண்ணியில் உட்கார்ந்திருந்தார். ஏறி வரக் கால் இல்லை.

லாரிக்காரர் இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாராம்.

"அண்ணே, கை குடுங்கண்ணேன்னு கேட்டா, தம்பி. நான் மேல கெடந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் லைட்ட அணைச்சுட்டுப் போயிட்டான்."

ராத்திரி பூரா குளிர்ல கத்திக்கிட்டே இருந்தா, விடியறதுக்குள்ள அவ குரல் அடங்கிடுச்சு, என்றார். அது ராஜ்மோகன்தான் என்று பழமலைக்கு அப்போதே தெரியும். அந்த நாளில் ராஜ்மோகனே லாரி ஓட்டுவாராம். பக்கத்தில் நின்ற கிளீனரிடம், வா போலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார், முன்பே தெரிந்த குரல். போலீசில் போய்ச் சொன்னார். அடிபட்டு மயக்கத்தில் கிடந்தவர் சொல்வதை எப்படி நம்புவது என்று விட்டுவிட்டார்கள்.

நான் எழுந்தேன். அவர் கண்ணில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாகிவிட்டது என்று கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். இரண்டு மாசம் கழித்து ஆஸ்பத்திரியில் பிணவறை வேலை பார்க்கிற தர்மராஜ் ஆயில் மாற்ற பட்டறைக்கு வந்தார். பேச்சுவாக்கில்தான் சொன்னார். ராஜ்மோகன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையாம். நுரையீரலில் தண்ணி இல்லையாம். உயிர் போனது விடியற்காலையில்தானாம். அதுவரைக்கும் உயிரோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை.

தொண்டை உள்ளே கிழிந்து ரத்தம் கட்டியிருந்ததாம். ராத்திரி பூராவும் விடாமல் கத்தினால்தான் அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த ராத்திரி தேடிக் களைத்துப்போய், நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து பீடி பற்றவைத்தது அந்தப் பள்ளத்தின் கரையில்தான்.

தவளைச் சத்தம்கூட இல்லாமல், அவ்வளவு அமைதியாக இருந்தது.