மிச்சம் மூன்று நிமிடம்

நான் இப்போது வசிக்கும் ஜெர்மன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது. உடையும் சத்தம் பிறருக்குத் தொந்தரவாம். வந்த வாரமே மகள் செல்வி இதையெல்லாம் சொல்லிவிட்டாள். திருவண்ணாமலைச் சத்தத்திலேயே அறுபத்தாறு வயது வரை இருந்தவனுக்கு இந்த அமைதி, காதில் அடைத்த பஞ்சு மாதிரி இருக்கிறது. ஆகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். விரல்கள் தொடையில் தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கும். மாடிவீட்டு அம்மாள் அதைப் பார்த்து நான் ஜெபம் செய்வதாக நினைத்திருக்கிறார். நுனிக்காலில் கடந்து போனவர், மறுநாள் ஓர் இந்தியப் புல்லாங்குழல் இசைத்தட்டைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தது எலெக்ட்ரிக் கிடாரும் சாக்ஸபோனும் டிரம்ஸும் மோதுகிற ஐரோப்பிய இசை என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இந்த இசை எனக்கு ஜெர்மனியில் பழக்கமானதல்ல. நான் கணக்கு வாத்தியாராக இருந்த காலம், தொண்ணூறுகளின் தொடக்கம். தேரடி வீதியில் தனபால் என்ற நண்பர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மலை சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் பழுதுபார்க்கக் கொடுத்த டேப்ரெக்கார்டரைத் திரும்ப வாங்காமலே ஊருக்குப் போய்விட்டார். உள்ளே பெயர் எழுதாத ஒரு கேசட் இருந்தது. ஒரே பாட்டு, பாடுபவர் யாருமில்லை. முதல்முறை கேட்டபோது கடையிலிருந்த நாலு பேரும் எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் விரல் தானாக எண்ணத் தொடங்கியது. தகிட தகதிமி, ஏழு. கிடார் ஏழில் போகும்போதே டிரம்ஸ் நாலுநாலாக அடித்துக்கொண்டு போகும். இரண்டும் பிரிந்துவிட்டன என்று பதறும்போது இருபத்தெட்டாவது அடியில் ஒன்றாக வந்து விழும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் சினிமாப் பாட்டு பல்லவி, சரணம் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகும். இது நடுவழியில் விட்டுவிட்டு, நாமாக வந்து சேர்கிறோமா என்று பார்க்கும். பொறுமை வேண்டும், பொறுத்தால் கொடுக்கும்.

ஒரே குறை. இருபதாவது நிமிடத்தில், சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறும்போது நாடா தீர்ந்து பொத்தான் ‘டக்’கென்று மேலே வந்துவிடும். பாட்டு எப்படி முடிகிறது என்று பன்னிரண்டு வருஷம் இருவரும் சண்டை போட்டோம். தொடங்கிய மெட்டுக்கே திரும்பும் என்பது தனபாலின் கட்சி.

“மலைய எங்க சுத்தினாலும் கிளம்புன எடத்துக்குத்தான சார் வரணும்?”

“இது வெள்ளைக்காரன் பாட்டுய்யா. போனா போனதுதான்.”

“உங்கள மாதிரியா?” என்று சிரித்தார். செல்வி என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டிருந்த நேரம் அது. கிளம்பும் அன்று கேசட்டை என் கையில் திணித்தார். அவருக்கு இடது காது ஏற்கெனவே போயிருந்தது. “மிச்சத்தக் கண்டுபுடிச்சா எனக்கும் போட்டுக் காட்டுங்க. வலது காது இருக்கசொல்லவே காட்டுங்க.”

இங்கே ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் கை தட்டி, வாயால் ஒலித்துக் காட்டினேன். கடைக்காரர் புரிந்ததுபோல் தலையாட்டி என்னை இந்தியத் தபேலா வரிசைக்கு அழைத்துப் போனார். அடுத்த வாரம் கேசட்டையே எடுத்துப் போனேன். அரை நிமிடம் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒரு சிடியை உருவினார். உறையில் இருபத்து மூன்று நிமிடம் என்று போட்டிருந்தது. கடைசிப் பகுதியை அங்கேயே போடப் போனவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அங்கே மாலை, தனபாலின் கடைக்குத் தொலைபேசினேன். வலது காதும் கம்மி ஆகிவிட்டது என்றார். நான் கத்த வேண்டியிருந்தது. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, ஒலியை முழுக்க ஏற்றி, ரிசீவரை ஸ்பீக்கரில் அழுத்தினேன். மாடியில் நடமாட்டம் நின்றது. நாடா தீர்ந்துபோகும் இடம் வந்தது, கடந்தது. சாக்ஸபோன் இறங்கியது. பிறகு அந்த முதல் மெட்டு, அதே ஏழில், திரும்பி வந்தது. தனபால்தான் ஜெயித்தார். ஆனால் மெட்டு ஓரிடத்தில் வந்து நிற்கவில்லை. சுற்றிச்சுற்றி வந்தபடியே ஒலி குறைந்து, குறைந்து, தேய்ந்து மறைந்தது.

ரிசீவரைக் காதில் வைத்தேன். பௌர்ணமிக் கூட்டத்தின் இரைச்சல், பஸ் ஹாரன். அவற்றுக்கு நடுவே கடை மேஜையில் விரல் தட்டும் சத்தம். தகிட தகதிமி. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

“சார், முடிஞ்சிடுச்சா? இல்ல எனக்குத்தான் கேக்கலியா?”

என் அறையில் நிசப்தம். மாடிவீட்டு அம்மாளின் காலடி படியில் இறங்கிவருவது மட்டும் கேட்டது.

“இன்னும் போயிட்டிருக்குய்யா,” என்றேன். “நீ தட்டு.”

அவர் தட்டினார். கதவு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.