முகம் விழாத படம்

புது பிலிம் டப்பாவின் மூடியைத் திறந்தால் லேசாகப் புளித்த ஒரு வாசனை வரும். அதை உறிஞ்சிக்கொண்டு திரிந்த பன்னிரண்டு வயதில் எனக்கு அத்தர்கூட இரண்டாம்பட்சம்தான். விடுமுறையில் வந்த ஒரு “சபராளி”யிடம் (பிழைக்கக் கடல் கடந்தவர்களை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்) சவுதியிலிருந்த வாப்பா ஒரு கேமராவும் கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தார். தங்கச்சி பிறந்ததையே தபாலில் அறிந்தவர் அவர். பிள்ளையின் முகத்தைக் காரைக்கால் கடலோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். படத்தை நான்தான் எடுக்க வேண்டுமாம்.

நாற்பது நாள் முடியும்வரை உம்மா வாசற்படி இறங்கக் கூடாது என்பதால், அதுவரை பிலிம் போடாமலே பழகினேன். ஆடு, கோழி, தையல் மிஷின், எதையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே “ரோலு” இல்லை என்று சொல்லியும் தெருப் பெண்கள் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். எதிர்வீட்டு மாமி அந்தப் படத்தை அடுத்த பெருநாள்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாற்பது கழிந்ததும் ஒரு காலையில் கடற்கரைக்குப் போனோம். படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் சூரியன் இருக்க வேண்டும் என்று கேமராவோடு வந்த தாளில் சித்திரம் போட்டே காட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்துதான் எழும். கடலும் பிள்ளையும் சேர்ந்து விழவேண்டுமானால் காலையில் அந்தச் சித்திரப்படி நிற்கவே முடியாது. அதையெல்லாம் யார் யோசித்தது? முக்காடு காற்றில் பறக்க உம்மா பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார். ரோலிலிருந்த முப்பத்தாறு படத்தையும் ஒரே மூச்சில் எடுத்துத் தீர்த்தேன்.

சபராளி கிளம்பும் நாளன்றுதான் படங்கள் கைக்கு வந்தன. எல்லாவற்றிலும் கடல் தகதகத்தது, முகங்கள் கரிக்கட்டை. இனி எடுக்க நேரமில்லை. வாப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உம்மா நிதானமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

“குடுத்தனுப்பு புள்ள. யாரு யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?”

ஒரு மாதம் கழித்து வாப்பாவின் பதில் வந்தது. “முகத்தை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். உன் உம்மா பிள்ளையைத் தூக்கி நிற்பதைப் பார்த்துவிட்டேன், அது போதும்” என்று எழுதியிருந்தார். உம்மா அதை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே, புது ரோலோடு, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு அதே மணலில் நின்றேன். இம்முறை முகங்கள் பளிச்சென்று விழுந்தன. அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரேறியது.

இன்று பிலிம் கழுவித் தரும் கடை ஊரில் இல்லை. வாப்பாவும் உம்மாவும் இல்லை. சுவரிலிருந்த படம் வெளிறி, முகங்கள் மஞ்சளுக்குள் கரைந்துவிட்டன. வாப்பாவின் பெட்டியிலிருந்த கறுப்புப் படத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் கைபேசியில் பத்துப் படம் அனுப்பும் தங்கச்சி, போன வருடம் அதைக் கேட்டு வாங்கிப் போனாள். அவளுக்கு அதில் முகமே இல்லை. ஒரு சின்னக் கை மட்டும் உம்மாவின் தாடையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.