வீங்கிய டெப்பும் விடாத சண்டையும்

நாங்கள் லிங்கநகரில் இருக்கிறோம். மகளின் படிப்புக்கு வாங்கிய டெப்பின், அதாவது டெப்லெட்டின், முதுகு ஒருநாள் உள்ளே பற்றரி ஊதி இலேசாக வீங்கியிருந்தது. துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர், என்ன செய்யலாமென்று அந்த டெப்பிலேயே ஒரு முகநூல் குழுவில் கேட்டார்.

"இந்தக் கம்பனிச் சாமானை வாங்கினால் இப்பிடித்தான்" என்று முதல் பதில் வந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்ட கேள்வியை மறந்து, எங்கள் டெப்பைச் செய்த கம்பனிதான் திறம் என்று எழுதத் தொடங்கினார். இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். சார்ஜ் போடாதீர்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இவர் சார்ஜ் வயரைச் செருகி வைத்துக்கொண்டே சண்டை பிடித்தார். பக்கத்தில் மகள் படுத்திருந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, கருகின மணம் வருது" என்றேன்.

"பொறும், இவனுக்கு ஒரு பதில் போட்டிட்டு வாறன்."

நான் வயரைப் பிடுங்கி, டெப்பைப் பறித்து முற்றத்து மணலில் எறிந்தேன். அது அங்கே கிடந்து எரிந்தது.

மற்றவர்களுக்கு உதவும் என்று கருகிய டெப்பைப் படமெடுத்தேன். "அதைக் குழுவில போட்டிடாதையும், அவங்கள் சிரிப்பாங்கள்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது அதே சண்டை அவருடைய கைபேசியில் நடக்கிறது. அவர் வயரைச் செருகினால், நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.