மாட்டின் மேல் விழுந்த பழி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், என் தம்பி டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சலில் இறந்தான். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எங்கள் மாட்டின் மேல் பழி போட்டார்கள். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே எங்கள் மாட்டுப்பட்டி இருந்தது. சாணி வழிந்து தண்ணீரில் கலந்துதான் காய்ச்சல் வந்தது என்றார்கள். அடம்பிடித்து அந்த மாட்டை வாங்க வைத்தவள் அம்மா. அப்பா அதை விற்றுவிட்டார். அன்றிலிருந்து அம்மா பாலைத் தொடவில்லை. கொழுந்து எடுத்துக் களைத்து வந்தாலும் பாலில்லாத வெறும் தேநீர், சாயத்தண்ணிதான்.

பல வருடம் கழித்து, கண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கிருமிகளின் மரபணுத் தொகுதிகளைக் கணினியில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒருநாள் நெருப்புக் காய்ச்சல் கிருமியையும், மாடு, கோழி, மனிதன் என்று பார்க்காமல் எதிலும் குடியேறும் அதன் பங்காளியையும் அடுத்தடுத்து வைத்தேன். பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் காய்ச்சல் கிருமியில் மட்டும் எங்கு பார்த்தாலும் மரபணுக்கள் உடைந்து, வேலைக்கு ஆகாமல் கிடந்தன.

எனக்கு மெய்சிலிர்த்தது. ஆளைக் கொல்லும் கிருமி புதிது புதிதாக ஆயுதம் சேர்த்திருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதுவோ இருந்ததையும் தொலைத்திருந்தது. வீட்டோடு மாப்பிள்ளை போல மனிதனிடமே தங்கித் தங்கி, வேறெங்கும் பிழைக்கத் தெரியாமல் போயிருந்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்று தன் பழைய கதை முழுவதையும் உடம்புக்குள் சுமந்து திரிகிறதே என்று வியந்து போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் மாடு நினைவுக்கு வந்தது.

அடுத்த விடுமுறையில் ஹட்டனில் பஸ் மாறி வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அம்மா, அந்தக் கிருமி மாட்டு ஒடம்புல வாழாது. மனுசங்ககிட்ட மட்டுந்தான் இருக்கும். சாணியால வரல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

அம்மா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். "அப்ப யாருகிட்டருந்து வந்துச்சு?"

"யாரோ ஒரு ஆளுகிட்டருந்து. கிருமிய வச்சிக்கிட்டே சொகமா நடமாடுறவங்க இருப்பாங்க. அவங்களுக்கே தெரியாது. இப்பல்லாம் கிருமிகள ஒப்பிட்டு, யாருகிட்டருந்து யாருக்குப் போச்சுன்னுகூடக் கண்டுபிடிக்கலாம்," என்றேன் பெருமையாக.

அம்மா நிமிர்ந்தாள்.

"நம்ம லயத்துல தேடாத புள்ள. மாடுதான் காரணம்னு சொன்னதும் வித்துட்டோம். ஆளுன்னா என்ன செய்வாங்க?"

பிறகு, பக்கத்து வீட்டுக் காம்பராவில் கொஞ்சம் பால் வாங்கி வரச் சொன்னாள். இரண்டு பேருக்கும் சேர்த்து.