சிவப்புப் புள்ளிகளைப் பற்றிப் பேசியவள்

கோளரங்கத்தில் அவளுக்கு இருட்டில் பேசுகிற வேலை. குவிமாடத்துக்குக் கீழே, கடைசி வரிசைக்கும் பின்னால், ஒரு சின்ன மேசை, ஒரு மைக், ஒரு தண்ணீர் பாட்டில். விளக்குகள் அணைந்ததும் அவள் குரல் எழும். முகம் யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் வாய் திறந்து ஏதாவது கேட்டால்தான், "அட, நீங்க வானத்தக்கா இல்ல?" என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குவிமாடத்தில் படம் காட்டும் கருவியை இயக்கியவன் அவளுடைய சொந்தத் தம்பி.

விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய படங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தென்பட்ட செய்தி வந்தபோது அவளுக்கு ஆர்வத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பிரபஞ்சம் பிறந்து அதிக காலம் ஆகாத நாட்களில் கிளம்பிய ஒளி அது. தம்பி அந்தப் படத்தைக் குவிமாடத்தில் ஏற்றினான்.

"நட்சத்திரங்க நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கிற கூட்டம்னு முதல்ல சொன்னாங்க" என்று ஆரம்பிப்பாள். "அப்படின்னா, தவழ வேண்டிய குழந்தை மீசையோட நிக்குதுன்னு அர்த்தம். அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு நட்சத்திரம் எப்படி வரும்? இல்லல்ல, நடுவுல ஒரு கருந்துளை வாயுவை விழுங்கிட்டிருக்குன்னாங்க வேற சிலர். அப்ப எக்ஸ் கதிர் வரணுமே, காணோமே! சரி, அடர்த்தியான வாயு அதைப் போத்தி மூடியிருக்கு, அந்தப் போர்வைதான் நட்சத்திரம் மாதிரி மின்னுதுன்னு இப்ப ஒரு பேச்சு."

ஒருமுறை இருட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"எனக்கு மட்டுமில்லீங்க, கண்டுபிடிச்சவங்களுக்கே தெரியாது."

அரங்கமே சிரித்தது. அன்று வீட்டுக்குப் போகும்வரை அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு தொண்டை கட்டியது. பேசிப் பேசித்தான் என்று மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தாள். மழைக்காலம் போய் வெயில் வந்தும் குரல் தெளியவில்லை. தம்பிதான் பிடிவாதமாக மருத்துவமனைக்கு இழுத்துப் போனான். குரல்வளையில் புற்று; குரல்வளையையே முழுதாக எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

"எடுத்துட்டா பேச முடியுமா டாக்டர்?"

"கருவி இருக்கும்மா. ஆனா இந்தக் குரல் இருக்காது."

அறுவைக்கு முன்னால் எல்லாக் காட்சிகளையும் அவள் குரலிலேயே பதிந்துவிடலாம் என்று தம்பி யோசனை சொன்னான். பார்வையாளர் இல்லாத காலை நேரங்களில், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி பேசினாள். சிவப்புப் புள்ளிகளில் வந்து குரல் உடைந்தது. திரும்பத் திரும்ப முயன்றாள். காற்றுதான் வந்தது.

பதிவைக் கேட்ட மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கரகரன்னு இருக்கு. வெளியிலிருந்து ரெடியா ஒரு படம் வாங்கிடலாம்."

அறுவை முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. வீட்டில் கணவர் அவளிடம் உரக்கக் கத்திப் பேச ஆரம்பித்தார். 'காது நல்லாத்தான் கேக்குது' என்று கைப்பேசியில் தட்டிக் காட்டினாள். அவர் சிரித்தார், மறுநாளும் கத்தினார். யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார். முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. மருத்துவர் கொடுத்த கருவியைக் கழுத்தில் வைத்தால் இயந்திரம் இரைவதுபோல் ஒரு ஒலி வரும். பக்கத்து வீட்டுக் குழந்தை அதைக் கேட்டு வீறிட்டு அழுதது. கருவி அலமாரிக்குள் போயிற்று.

ஒரு விடுமுறை நாள் தம்பி அவளைப் புதுக் காட்சிக்கு அழைத்துப் போனான். பார்வையாளர்களோடு உட்கார்ந்தாள். யாரோ ஒருவருடைய பளபளப்பான குரல், "இந்தச் சிவப்புப் புள்ளிகள் கருந்துளைகளே! புதிர் விடுபட்டது!" என்றது. இசை முழங்கியது. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவள் எழுந்து, நாற்காலிகளைத் தடவித் தடவி வெளியே வந்துவிட்டாள்.

தம்பி மேலாளரிடம் போய் நின்றான். "சார், அது இன்னும் முடிவாகல. அந்த ஒரு வரியையாவது வெட்டிடலாமே?"

"ஜனங்க 'தெரியாது'ன்னு கேக்கவா வர்றாங்க? போய் வேலையைப் பாருப்பா."

அறுவை முடிந்த ஆறு மாதத்தில் கழுத்தின் ஒரு பக்கம் கட்டி தெரிந்தது. இம்முறை மருத்துவர் அவளைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துப் பேசினார்.

தம்பி வாரம் தவறாமல் வருவான். அன்றும் வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தான். "அக்கா, அந்தப் புள்ளிங்களைப் பத்தி இன்னொரு விளக்கம் சொல்றாங்க. எல்லாம் ஒரே வகையே இல்லையாம், ரெண்டு மூணு வகை கலந்திருக்கலாமாம். படிக்கட்டுமா?"

அவள் கையை நீட்டி, கைப்பேசியின் திரையை உள்ளங்கையால் மெல்ல மூடினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து கணவர், "கஞ்சி ஆறுது, அவளை எழுப்பு!" என்று கத்தினார். தம்பி எழுப்பவில்லை; அவள் தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.