சீட்டில் விழுந்த துறவி

எட்டாம் வகுப்பில் நான் ஆறு எடுத்த கதையை யாராவது கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். நோர்வேயில் ஆறுதான் உச்சப் புள்ளி. அதை எனக்கு வாங்கித் தந்தவர் எழுநூறு வருடங்களுக்கு முந்தின ஓர் இங்கிலாந்துத் துறவி.

உலகத்துச் சிந்தனையாளர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி வகுப்பில் குலுக்கினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர்களாக விழ, எனக்கு மட்டும் இந்தத் துறவி, யாரோ ஒரு தர்க்க அறிஞர், இறையியலாளர். அவரைப் பற்றி ஏழு நிமிடம் பேச வேண்டும். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் விழேல்லையோ பிள்ளை?"

சித்தப்பா மட்டும் உற்சாகமாகிவிட்டார். அவர் அப்போது ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பிக்கொண்டு, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தார். ஊரில் பேச்சுப்போட்டிக்குப் போய்க் கோப்பை இல்லாமல் வீடு திரும்பாதவர். வகுப்பில் பேசுவதென்றால் அவருக்கு அது பேச்சுப்போட்டிதான். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. ஒஸ்லோவின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தானே பேசினோம்.

நூலகப் புத்தகத்தைப் பார்த்துத் துறவியின் கொள்கையைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். ஒன்றை விளக்க இரண்டு காரணம் போதுமென்றால் மூன்றாவதை இழுத்து வராதே, மிச்சத்தைச் சிரைத்துத் தள்ளு. அந்தக் கொள்கைக்குச் சவரக்கத்தி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிற்காலத்து விஞ்ஞானிகளும் அதைக் கையில் எடுத்தார்கள். சித்தப்பா தொடையில் தட்டி ரசித்தார். ரசித்துவிட்டு, வேண்டாததை வெட்டச் சொன்ன அந்த மனிதரைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினார். துறவியின் வாழ்க்கைக் கதைக்கு மட்டும் நேரம் காணாது என்று கத்தியை வைத்துவிட்டார். அவர் தமிழில் எழுத எழுத நான் நோர்வேஜிய மொழிக்கு மாற்றினேன்.

பயிற்சி எங்கள் மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் நடந்தது. சலவை இயந்திரங்கள்தான் சபையோர்.

"சத்தம் வயித்திலையிருந்து வரவேணும். கையை உயர்த்து. இன்னும் உயர்த்து!"

உடுப்புக் கூடையோடு வந்த பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண்மணி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்த நாளும் வந்தது. எனக்கு முன் பேசியவர்கள் மேசையில் சாய்ந்துகொண்டு, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். நான் நிமிர்ந்து நின்றேன்.

"பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே!"

யாருடையதோ பென்சில் விழுந்தது. இரண்டாம் பக்கத்தில், கையை முழுதாக உயர்த்திய இடத்தில், அடுத்த வரி மறந்துபோயிற்று. பேச்சுப்போட்டியில் மறந்தால் என்ன செய்வோம்? முதலிலிருந்து தொடங்குவோம். மறுபடியும் நடுவரை விளித்தேன். வகுப்பே சிரித்தது. வெட்கத்தில் காது சுட்டது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்கு என்ன நடந்தது? அதை மட்டும் சொல்" என்றார்.

புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் எழுதியதில் பிழை இருக்கிறதென்று பாப்பரசர் இருந்த நகரத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனார். நாலு வருடமாகியும் முடிவு வரவில்லை. பிழை பாப்பரசரிடம்தான் என்று அதற்குள் அவருக்குப் பட்டுவிட்டது. அதைச் சொன்னால் ஆபத்து என்று தப்பி ஓடினார். வேறொரு நாட்டு மன்னரிடம் அடைக்கலம் கேட்டார். கிடைத்தது. அங்கேயிருந்து எழுதிக்கொண்டேயிருந்தார்.

சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியாது. முடித்தபோது கைதட்டினார்கள். சிரித்தவர்களும்தான்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேருக்குத் தொலைபேசி எடுத்தார். "ஆறு! என்ரை பயிற்சி!" அவருடைய பேச்சு இரண்டாம் பக்கத்தோடு படுத்துவிட்டதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துறவியின் கதையைச் சொல்லித்தான் எடுத்தேன் என்றேன். முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அவரைப் பிறகு திருப்பி அனுப்பிப் போட்டாங்களோ?"

எனக்கு விடை தெரிந்த கேள்வி. "இல்லைச் சித்தப்பா. அங்கையே செத்துப்போனார்."

"நல்லது" என்றார்.

ஆறு போட்டிருந்த தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பெட்டியின் மேலே, அன்று காலை சித்தப்பாவுக்கு வந்த கடிதம் கிடந்தது. ஊரில் சண்டை ஓய்ந்துவிட்டது, இனி நீர் திரும்பிப் போகலாம் என்று அதில் எழுதியிருந்ததை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு எனக்கிருந்த கவலை வேறு. ஒருவர் செத்ததைப் போய் நல்லது என்கிறாரே, இவ்வளவு கெட்டிக்கார மனுசனுக்கு இதுகூடவா விளங்கவில்லை? அதனால் நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, சத்தத்தை வயிற்றிலிருந்து எடுத்து இன்னொரு தரம் சொன்னேன்.

"அவர் ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லை!"

சித்தப்பா எழும்பி நின்று கைதட்டினார்.