பெயர் சொன்னால் வரும்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்குகிறேன். மகள் என்பதாலும் தமிழ் படிக்கிறேன் என்பதாலும் இக்கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார்கள். நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

குறிஞ்சிப்பாடிக்கு அருகில், கூலி வேலை செய்த குடும்பத்தில் மூத்த பெண்ணாக அம்மா பிறந்தார். உடன்பிறந்தவர் என் மாமா ஒருவரே. திருமணமாகி நெய்வேலிக்கு வந்தபோது அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆகிவிடும், குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், இரண்டையும் காணாமல் காலமானார். எங்களுக்கு மிஞ்சியது டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு துண்டு நிலம், ஒரு கூரை வீடு, ஒரு சினையாடு. அம்மா டவுன்ஷிப்பில் வேலிச்செடி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அதுவும் கான்ட்ராக்ட்தான்.

வெட்டிய கிளைகளைச் சைக்கிளில் கட்டி வருவார். இலைகளில் படிந்த தூசியை உதறி, தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகே கொட்டகையில் தொங்கவிடுவார். மழைக்காலத்தில் தரையில் ஈரம் நிற்காதபடி அடுப்புச் சாம்பல் தூவுவார். ஒவ்வோர் ஆட்டின் குளம்புக்கு நடுவிலும் விரல் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"ஆட்டுக்குத் தழைய கழுவிக் குடுக்கறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்க்கா. அடுத்தது சோப்பு போடுவியா?" என்று மாமா சிரிப்பார்.

"போடுவேன். மொதல்ல உனக்குப் போடறேன், வா" என்பார் அம்மா.

பிறந்த அன்றே தாயை இழந்த கிடாக்குட்டி ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். பெயர் துரை. "பெரிய புள்ள ஷிப்டு முடிச்சி வூட்டுக்கு வந்துட்டானா?" என்று பக்கத்து நிலத்து அத்தை கேலி செய்வார். துரையின் கழுத்தில் அம்மா கயிறு கட்டியதே இல்லை. பெயரைச் சொன்னால் எந்த வரப்பிலிருந்தாலும் ஓடிவந்து உள்ளங்கையில் மூக்கை வைக்கும். வீட்டுக்கு வரும் உறவினருக்கெல்லாம் அதைக் காட்டுவது அம்மாவின் பெருமை. "நீங்களும் கூப்புடுங்க, வரும்" என்பார். நீங்களும் கூப்பிட்டீர்கள். அதுவும் வந்தது.

கறிக்கடைக்கு அம்மா ஒரு குட்டியையும் கொடுத்ததில்லை. வளர்ப்பவர்களுக்கே கொடுத்தார். அவர்களிடமும் பெயரைச் சொல்லித்தான் ஒப்படைத்தார்.

சிறுநீரகம் பழுதாகி அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது துரையும், சினையாக இருந்த வெள்ளச்சியும் மட்டுமே கொட்டகையில் இருந்தன. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னார்: "ஆடுங்கள வித்துடாத தம்பி. பாப்பா படிச்சி முடிக்கிற வரைக்கும் பாத்துக்க."

"விக்க மாட்டேன்க்கா."

அம்மா நம்பினார். அடுத்த வாரம் காலமானார்.

கருமாதி முடிந்த மறுநாள், பிறந்த வீட்டார் கிடா வெட்டிக் கறிச்சோறு போட்டுத் துக்கம் கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிடா மாமா கொண்டுவர வேண்டியது. பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். "பஞ்சாட்டம் வெந்திருக்குது. நல்ல தழை தின்ன ஆடு" என்றார் ஒருவர். நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன். வெள்ளச்சி தனியாக நின்றது.

"தொரை எங்க மாமா?"

"காலையில கொல்லையில நின்னுகினு பேரச் சொன்னேன், ஓடியாந்துச்சு பாப்பா. கயிறுகூட எடுக்கல. கைய நக்கிகினே கூட வந்துச்சு. அக்கா வளப்புன்னா வளப்புதான்."

"விக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"விக்கலயே! அக்கா வளத்தது அக்கா காரியத்துக்கே ஆச்சு. வேற என்னா வேணும்?"

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையசைத்தார்கள். இலைகள் எடுக்கப்பட்டன.

அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், மருத்துவமனை நாள்களில் தழையைத் துடைத்தே போட்ட பக்கத்து நிலத்து அத்தைக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது. துக்கத்துக்கு வந்த ஒருவரும் பசியோடு திரும்பாதபடி பார்த்துக்கொண்ட மாமாவுக்கும் நன்றி. இன்றைய பந்தியில் பரிமாறப்படுவது சைவ உணவு என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வெள்ளச்சி ஈன்ற துரையின் குட்டிகள் இரண்டும் வளர்ந்துவிட்டன. ஒன்று கிடா. சென்ற மாதம் வந்திருந்த மாமா வேலியோரம் நின்று அதை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குது பாப்பா. பேரு என்னா வச்சிருக்க?"

நான் பதில் சொல்லவில்லை. பெயர் வைத்திருக்கிறேன். சொன்னால் ஓடிவருகிறது. அதை இம்மலரில் அச்சிடவில்லை.